பண்டாரி மறந்து வைத்த கண்ணாடி

கப்பல் புறப்பட்டுப் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. துறைமுக அலுவலகத்துப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது; தேதி, நேரம், முத்திரை எல்லாம் இருக்கிறது. கடலைக் கேட்டால் வேறு கதை சொல்லும். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளி நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பாய்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, வயிறு முட்டக் கூரை ஓடுகளோடும் ஏழு ஆட்களோடும் அது நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

காரணம் கேப்டனின் அவசரம். இன்ஜின் இல்லாத பழைய பாய்க்கப்பல் அது. காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தால்தான் துறைமுகத்தின் குறுகிய வாயைத் தாண்டி வெளியே போக முடியும். அன்றைக்கு விடிகாலையில் அப்படி ஒரு காற்று அடித்தது. கேப்டன் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் அலுவலகத்துக்கு ஓடி, புறப்பாட்டுச் சீட்டில் முத்திரை வாங்கிவிட்டார். முத்திரை மை காய்வதற்குள் காற்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றிலிருந்து அடித்தால் கடலிலிருந்து அடிக்கிறது, இல்லாவிட்டால் அடிப்பதே இல்லை.

முத்திரை விழுந்துவிட்டால் அந்தக் கப்பல் அந்த ஊரில் இல்லை என்று அர்த்தம். அதிலிருந்து யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. ஒருவன் இறங்கினாலும் ஆள் பட்டியல் மாறிவிடும். பட்டியல் மாறினால் சீட்டு செல்லாது. சோதனை, கையெழுத்து, முத்திரை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் பிடிக்கும். கேப்டன் தன் பங்குக்கு, "இறங்கறவன் ஒரேயடியா இறங்கிக்கலாம், மறுபடி என் கப்பல்ல ஏற முடியாது" என்று வேறு சொல்லிவைத்திருந்தார். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே வந்துபோக அனுமதி இருந்தது தண்ணீர்ப் படகுக்கு மட்டும்தான். அதுவும் தண்ணீர் மட்டும்தான் கொண்டுவரலாம். கடிதம், சாமான், சேதி எதுவும் கூடாது. கைபேசி எல்லாம் வராத காலம் அது.

"சட்டப்படி பாத்தா நாம இங்க இல்ல" என்றான் வக்கீல். அவன் வக்கீல் இல்லை, பாய் ஏற்றுகிற ஆள். எதையும் வாதாடாமல் செய்யமாட்டான் என்பதால் வந்த பெயர். "இல்லாதவன் எதுக்கு அடித்தட்டுத் தண்ணிய இறைக்கணும்?"

"கப்பல் முழுகினா, சட்டப்படி முழுகலைன்னு சொல்லிப்பியா? இறை" என்றார் கேப்டன்.

முதல் வாரத்தில் இதற்கெல்லாம் சிரித்தார்கள். இரண்டாவது வாரத்தில் பல்லைக் காட்டினார்கள். இப்போது வக்கீலும் வாயைத் திறப்பதில்லை, குனிந்து தண்ணீரை இறைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

ஆறு பேருக்குச் சலிப்பு என்றால், ஏழாவது ஆளுக்குச் சலிப்போடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்து பிடுங்கித் தின்றது. அந்த ஏழாவது ஆள்தான் பண்டாரி. கப்பலில் சமையல்காரருக்குப் பண்டாரி என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று பட்டியலில் இருக்கத்தான் செய்தது, ஆனால் கேப்டனே அதைப் படித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஐம்பத்தெட்டு வயது, குள்ளமான உடம்பு, சூடு தாங்கித் தாங்கி மரத்துப்போன விரல்கள். இளவயதில் ஒரு மாணவர் விடுதியில் நூறு பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். ஒரு கப்பலில் சமையல்காரருக்கு உடம்பு சரியில்லை, இரண்டு வாரம் மட்டும் வா என்று யாரோ கூப்பிட்டார்கள். அந்த இரண்டு வாரம் முடிய இருபத்தாறு வருஷம் ஆனது.

கப்பலேறும்போதே கல்யாணமாகியிருந்தது. ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, கட்டிக்கொடுத்து, வேறு ஊருக்கும் போய்விட்டாள். பெரும்பாலானவை அவர் கடலில் இருக்கும்போது நடந்தவை. ஒரு நாள் அவர் மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே, "இருபத்தாறு வருஷத்துல நீங்க வீட்ல இருந்தது ஆறரை வருஷம். கூட்டிப் பாத்தேன்" என்றாள். புகாராகச் சொல்லவில்லை. மின்சார மீட்டரைப் படித்துச் சொல்வதுபோலச் சொன்னாள். பண்டாரிக்கு அதன்பிறகு சோறு இறங்கவில்லை.

போன பயணத்தில் கொதிக்கிற தண்ணீர் காலில் கொட்டி, கட்டோடு வீடு வந்து சேர்ந்தார். "போதும்" என்றாள் அவள். "போதும்தான்" என்றார் இவர். அது ஒப்பந்தம். பஸ் டிப்போ கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தார். நான்கு மாதம் போனார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கேன்டீன்தான். ஆனால் சாப்பிட வருகிறவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கிவிட்டு, தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விடுவான். கப்பலில் நடுக்கடலில் பசியோடு ஈரமாக வந்து உட்காருகிறவன் முதல் கவளத்துக்கு ஒரு பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சு கேட்டுப் பழகிய காது அவருடையது.

இந்தச் சமயம் பார்த்துக் கேப்டன் ஆள் அனுப்பினார். புதிதாக வந்த சமையல்காரன் மசக்கைக்காரி மாதிரி வாந்தி எடுக்கிறானாம். பண்டாரி சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் அதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று நாள் சொல்லப் போனார், மூன்று நாளும் வேறு எதையோ பேசிவிட்டு வந்தார். கடைசி நாள் விடிகாலையில் முகச்சவரம் செய்தார், காய்கறிப் பைக்குள் இரண்டு சட்டையைச் சுருட்டி வைத்து, அதன்மேல் சமையல் கத்தியைப் போட்டுக்கொண்டு, "கத்தியைச் சாணை பிடிச்சுட்டு வரேன்" என்றார்.

"சீக்கிரம் வாங்க. எட்டு மணிக்குக் கேன்டீன்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

அவ்வளவுதான். கப்பலில் ஏறி, மூக்கின் மேல் விரலை வைத்தபோதுதான் கண்ணாடி இல்லை என்று தெரிந்தது. சவரத்துக்காகக் கழற்றியது, வீட்டு ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. திருட்டுத்தனமாகக் கிளம்புகிறவனுக்குத் தன் கண்ணே நினைவிருக்காது போலிருக்கிறது. கிட்டத்தில் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும், அரிசியில் கல் பொறுக்குவார். பத்தடி தாண்டினால் எல்லாம் கரைந்துபோன ஓவியம். கப்பலில் யாருக்கும் இது தெரியவில்லை. அடுப்படியில் ஆவி படிகிறது என்று அவர் எப்போதுமே கண்ணாடியைக் கழற்றி வைக்கிறவர், ஆகவே யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கண்ணாடியை எப்படி மறந்தாய் என்று ஒருவன் கேட்டால், மற்றதையும் சொல்ல வேண்டி வருமே.

நாள் எப்படிப் போனது என்கிறீர்களா? விடிவதற்கு முன் எழுந்து பண்டாரி அடுப்பைப் பற்றவைப்பார். அடுப்படி என்பது கப்பலின் பின்பக்கம் ஓர் அலமாரி அளவுக்கு இருந்த மரக்கூண்டு. உள்ளே நுழைந்தால் திரும்ப முடியாது, திரும்ப வேண்டுமென்றால் வெளியே வந்து திரும்பிவிட்டுப் போக வேண்டும். பாத்திரங்கள் அலையில் சரியாமலிருக்க அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி. இங்கே அலையே இல்லை. ஆனாலும் கை பழக்கத்தில் பாத்திரத்தைக் கம்பியோடு கட்டிவைப்பார். டீ குடித்ததும் அடித்தட்டுத் தண்ணீரை இறைப்பார்கள். பிறகு பாய்களை அவிழ்த்துப் பூசணம் பிடிக்காமல் காயவிட்டு, மறுபடி சுருட்டிக் கட்டுவார்கள். போகாத ஊருக்குப் பெட்டியைப் பிரித்துப் பிரித்து அடுக்குவதுபோல அது அவர்களை வதைத்தது. மதியம் பாய்மரத்தின் நிழல் நகர நகர ஏழு பேரும் கூடவே நகர்ந்து படுப்பார்கள். குளிக்கக் கடல்நீர், அதற்குமேல் ஆளுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர். உடம்பெல்லாம் உப்பு பூத்து, சொறிந்தால் வெள்ளைக் கோடு விழுந்தது.

எல்லாருடைய எல்லாக் கதைகளும் தீர்ந்துவிட்டன. ஒருவன் தன் மாமனார் வீட்டுக் கதையை மூன்றாம் தடவை சொல்லும்போது, கேட்டவர்கள் விழித்திருந்தார்கள், சொன்னவன் நடுவில் தூங்கிவிட்டான். ஒரு சீப்புக்காக இரண்டு பேர் மூன்று நாள் பேசாமலிருந்தார்கள். உருளைக்கிழங்கு பன்னிரண்டாம் நாள் தீர்ந்தது. வெங்காயம் சாக்குக்குள்ளேயே முளைவிட்டது.

"பருப்பா?" என்பார்கள்.

"பருப்புதான்" என்பார் பண்டாரி.

அந்தக் கத்தி மட்டும் மொக்கையாகவே இருந்தது. தீட்டுவதற்குக் கல் இருந்தது. கையில் எடுத்தால் அவள் குரல் கேட்கும், வைத்துவிடுவார். முளைவிட்ட வெங்காயத்தை மொக்கைக் கத்தியால் நசுக்கி நசுக்கி நறுக்கினார்.

மூன்றாம் நாள்தான் அந்த நீலத்தைப் பார்த்தார். துறைமுகத்துக்குப் பின்னால் ஊர் மேடாக ஏறிப்போகும். மேட்டின் பாதியில் பெரிய வெள்ளைக் கட்டடம், அது ஆஸ்பத்திரி. அதற்கு இடது பக்கம் இரண்டாவது வீடு அவருடையது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணினார்: வெள்ளை, அடுத்து ஒன்று, அதற்கடுத்து இரண்டு. அந்த இரண்டாவது மொட்டைமாடியின் ஓரத்தில் ஒரு நீல உருவம் நின்றது. பத்து மணிக்கு வந்தது, பன்னிரண்டு தாண்டியும் நின்றது. மெல்லக் கையைத் தூக்கியது.

பண்டாரிக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. பதினொரு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு துறைமுகத்தில் அவளுக்கு நீலச் சால்வை ஒன்று வாங்கிவந்தார். "இந்த வயசுல இந்தக் கலரா?" என்று மடித்து உள்ளே வைத்தவள், ஒரு நாள்கூடப் போட்டதில்லை. இன்றைக்குப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள் என்றால்? கோபம் இல்லை என்றுதானே அர்த்தம்? பொய் சொல்லிவிட்டு ஓடிவந்தவனை மன்னித்துவிட்டாள் என்றுதானே? தோளில் கிடந்த துண்டை எடுத்து உயரப் பிடித்து ஆட்டினார். நீலமும் ஆட்டியது.

அன்றிலிருந்து அதுதான் அவருடைய நாள். பத்து மணிக்குப் பருப்பை இறக்கிவைத்துவிட்டுப் பின்பக்கத்துக்குப் போய் நின்றுவிடுவார். சில நாள் அவள் இரண்டு கையையும் ஆட்டுவாள். சில நாள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அசையாமல் நிற்பாள், அன்றைக்கெல்லாம் இவருக்கு உப்பு தப்பும். ஒரு தடவை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு இவர் சாப்பிடவே இல்லை. "பண்டாரிண்ணே ஊருக்கே ஈ ஓட்டறார்" என்றான் வக்கீல். பண்டாரி பட்டும் படாமலும், "அந்த மாடில யாரோ நிக்கற மாதிரி இல்ல?" என்று கேட்டார். வக்கீல் படுத்த இடத்திலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "ஆமா, நிக்கறாங்க நிக்கறாங்க" என்றான். பண்டாரிக்கு அது போதுமாக இருந்தது.

கேப்டனிடம் தொலைநோக்கி இருந்தது. கேட்டிருக்கலாம். ஆனால் யாரைப் பார்க்கப்போகிறாய் என்று அவர் கேட்பார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று: முகம் தெரிந்துவிட்டால்? கை மன்னித்திருக்கிறது, முகம் மன்னிக்காமலிருந்தால்? மங்கலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். இருந்தாலும் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. கையை எவ்வளவு ஆட்டினாலும் அது சொன்னதாகிவிடாது. போகிறேன் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காற்று வருவதற்குள் சொல்ல வேண்டும். கூப்பிடு தூரத்துக்குச் சற்று வெளியே நின்றுகொண்டு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நாள் பத்து மணிக்குத் தண்ணீர்ப் படகு வந்தது. மூன்று நாளைக்கு ஒரு தடவை வருகிறதுதான். பண்டாரி எட்டிப் பார்ப்பதில்லை, குழாய் பிடிக்கிற வேலை மற்றவர்களுடையது. அவர் பின்பக்கம் துண்டோடு நின்றிருந்தார்.

"பண்டாரிண்ணே, இப்படிக் கொஞ்சம் வாங்க" என்று படகிலிருந்து தண்ணீர்க்காரர் கூப்பிட்டார்.

ஆட்டிக்கொண்டிருந்த கையை இறக்க மனமில்லாமல், சிடுசிடுவென்று போனார். தண்ணீர்க்காரர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ஒரு சின்ன டீத்தூள் டப்பாவைக் கயிற்று ஏணி வழியாக நீட்டினார்.

"என்ன இது?"

"தண்ணி" என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "சீக்கிரம் எடுங்க."

டப்பாவைத் திறந்தால், பழைய சட்டைத்துணி ஒன்றில் சுற்றி அவருடைய கண்ணாடி.

"யாரு குடுத்தது?"

"வேற யாரு குடுப்பாங்க? உங்க வீட்லதான்."

"நீ எங்க வீட்டுக்குப் போனியா?"

"நான் எதுக்குப் போறேன்? அவங்கதான் தெனம் வர்றாங்களே. படித்துறைக் குழாயடில வந்து நிக்கறாங்க, கையில ஒரு தண்ணி கேனோட. காலைல பத்துலேருந்து மத்தியானம் வரைக்கும். ஒரு நாள்கூட அதுல தண்ணி பிடிச்சதில்ல. வந்தவங்களுக்கெல்லாம் வழி விட்டுட்டு இந்தக் கப்பலையே பாத்துட்டு நிப்பாங்க."

பண்டாரிக்குப் புரியவில்லை. "மாடில இல்ல நின்னுட்டிருந்தா?"

"எந்த மாடில?"

பண்டாரி மேட்டுப் பக்கம் திரும்பி அந்த நீலத்தைத் தேடினார்.

"ஒரு நாள் எங்கிட்டக் கேட்டாங்க" என்றார் தண்ணீர்க்காரர், குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டே. "'என் தலைக்கு மேல யாருக்கு அப்படிக் கை காட்றார்'னு. நான் என்னத்தைச் சொல்ல? அப்புறம் அவங்களே சொன்னாங்க, 'கண்ணாடிய விட்டுட்டுப் போயிருக்கார், நான் நிக்கறது தெரியாது'ன்னு. அன்னைலேருந்து இந்த டப்பாவக் கையில வெச்சுக்கிட்டு என் உயிரை எடுத்துட்டாங்க. கூடாதுக்கா, லைசென்ஸ் போயிடும்னு பதினஞ்சு நாள் சொல்லிப் பாத்தேன். கேக்கல. அழுதாங்கன்னா முடியாதுன்னுருவேன். அழவும் இல்ல, போகவும் இல்ல. நின்னுக்கிட்டே இருந்தா என்ன பண்றது?"

"ஏதாவது சொன்னாளா?"

"போகாதீங்கன்னு சொல்ல வரலையாம். சொல்லிட்டுப் போகச் சொன்னாங்க. அவ்வளவுதான்."

பண்டாரி கண்ணாடியை மாட்டினார். உலகம் சட்டென்று கிட்டே வந்தது. கயிற்றின் முறுக்கு, தண்ணீர்க்காரர் மீசையில் நரை, படித்துறைக் கல்லில் பாசி. முதலில் மேட்டைத்தான் பார்த்தார், கண் பழக்கத்தில் அங்கே போனது. ஆஸ்பத்திரியை ஒட்டி இன்னொரு வெள்ளைச் சுவர் வீடு; கண்ணாடி இல்லாத கண் இரண்டையும் ஒன்றாக எண்ணியிருக்கிறது. ஆக அவர் வீடு என்று நினைத்தது, அவர் வீட்டுக்கு அடுத்த சலவைக்கடை. அதன் மொட்டைமாடியில் ஒரு கம்பத்தில் ஆஸ்பத்திரிக்காரர்களின் நீலக் கோட்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பதினாறு நாளாக ஒரு கோட்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அது கையைத் தூக்கியதற்கு நெஞ்சு அடைத்து, முதுகைக் காட்டியதற்குப் பட்டினி கிடந்திருக்கிறார்.

வெட்கம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. பார்வையைக் கீழே இறக்கினார். படித்துறைக் குழாயடியில், எப்போதும் போடுகிற அந்தப் பழுப்பு உடையில், காலி கேனைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். இத்தனை நாளும் அவர் தேடியதைவிட ரொம்பக் கிட்டே நின்றிருக்கிறாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் நின்றவர்களுக்கு இருக்கும் முகம். இளைத்திருந்தாள்.

"கோட்டு திரும்பிடுச்சு!" என்று கேப்டன் மேலிருந்து கத்தினார். அவர் தொலைநோக்கியை மேட்டைப் பார்த்துப் பிடித்திருந்தார். "சலவைக்கடைக் கோட்டு கடலைப் பாத்து நீட்டுது பாரு. கரைக்காத்து. எல்லாரும் எழுந்திருங்க, நங்கூரம்."

அந்தக் கோட்டை வைத்துத்தான் அவர் இத்தனை நாளும் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அது இப்போது இரண்டு கையையும் கடலை நோக்கி விறைப்பாக நீட்டியிருந்தது.

படுத்துக்கிடந்தவர்கள் எழுந்தார்கள். தண்ணீர்க்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டே, தணிந்த குரலில், "வர்றதுன்னா இறங்குங்கண்ணே, படகு காலியாத்தான் போகுது" என்றார்.

இறங்கத்தான் நினைத்தார் பண்டாரி. பொய் எதற்கு? கால் ஏணிப்பக்கம் நகர்ந்தேவிட்டது. ஐந்து நிமிஷத்தில் கரை. எதிரில் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, கேனை வாங்கித் தண்ணீர் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் மேடேறிவிடலாம். அவருக்கு அலுத்துத்தான் போயிருந்தது. இருபத்தாறு வருஷ அலுப்பு.

நிமிர்ந்தபோது வக்கீல் உட்பட ஐந்து பேரும் நங்கூர உருளையின் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் சுக்கானருகே நின்றார். இவர் ஏணியில் ஒரு கால் வைத்தால் பட்டியல் மாறும், சீட்டு செல்லாது. அவர்களுக்கு இன்னொரு பத்தொன்பது நாள் ஆரம்பிக்கும். வாய் ஓயாத வக்கீல்கூட வாதாடவில்லை. கன்னம் ஒட்டிப்போய், உதட்டில் உப்பு வெடித்து நின்றான். அவனுக்கும் எங்கோ ஒரு வீடு இருக்கிறது, அது போகிற வழியில் இருக்கிறது.

பண்டாரி ஏணிக் கயிற்றை விட்டார்.

"அவகிட்டச் சொல்லு" என்றார் தண்ணீர்க்காரரிடம். "நான் கத்தி சாணை பிடிக்கப் போகலைன்னு சொல்லு. போயிட்டு வரேன்னு சொல்லு."

"சேதி கொண்டுபோகக் கூடாதுண்ணே."

"சேதி இல்லப்பா. தண்ணி."

தண்ணீர்க்காரர் துடுப்பை எடுத்துத் தள்ளினார்.

நங்கூரச் சங்கிலியை இழுக்கிற உருளை கப்பலின் முன்பக்கம் இருக்கிறது. தடித்த மரத்தூண்போல நிற்கும். அதில் கைப்பிடிக் கட்டைகளைச் செருகி, ஆறு பேரும் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். பத்தொன்பது நாள் சேற்றில் புதைந்த நங்கூரம் லேசில் வரவில்லை. ஒரு சுற்றில் பாதி தூரம் கடலைப் பார்த்து நடை, பாதி தூரம் கரையைப் பார்த்து நடை. ஆகவே பண்டாரிக்குக் கரை ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் கிடைத்தது.

முதல் சுற்றில் படகு பாதி வழியில் இருந்தது. காற்று எதிர்த்து அடித்ததால் தண்ணீர்க்காரர் முதுகை வளைத்து வலித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் சுற்றிலும் பாதி வழிதான். கடல், கடல், கடல் என்று நடந்து திரும்பி வந்தபோது படகு படித்துறையைத் தொட்டிருந்தது. மறுபடி கடல். கண்ணாடி வியர்வையில் வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தது. இரண்டு கையும் கட்டையில் இருந்ததால் தலையை அண்ணாந்துகொண்டே நடந்தார். அடுத்த சுற்றில் அவள் படகின் பக்கம் குனிந்து நின்றாள், தண்ணீர்க்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன பதில் சொன்னாளோ, அந்த நேரத்தில் பண்டாரி கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

"தள்ளு, தள்ளு" என்றான் வக்கீல் பின்னாலிருந்து. பண்டாரி தள்ளினார்.

மறுபடி கரை வந்தபோது அவள் குழாயடியில் குனிந்திருந்தாள். கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த சுற்றில் குழாயடியில் யாரும் இல்லை.

நங்கூரம் ஒரு குலுக்கலோடு சேற்றை விட்டது. பிறகு பாய் ஏற்றுகிற வேலை, அதிலும் ஆறு பேரும் வேண்டும். கயிற்றை இழுத்துக் கட்டி முடித்துப் பின்பக்கத்துக்கு ஓடிவந்தபோது கப்பல் நகர ஆரம்பித்து, துறைமுகத்தின் வாயை நெருங்கியிருந்தது. படித்துறை சுவருக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தது. மேட்டுத் தெருவில் அவளைத் தேடினார். ஆஸ்பத்திரி, அதை ஒட்டிய வெள்ளை வீடு, அதற்கடுத்து அவர் வீடு. இந்தத் தடவை விரலை நீட்டி எண்ணினார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த மொட்டைமாடியில் அவள் ஏறி வந்தாள். படித்துறையிலிருந்து பார்த்தால் வெளிக்கடல் தெரியாது, மாடியிலிருந்து தெரியும். அதற்காகத்தான் அவ்வளவு தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வேகமாக மேடேறியிருக்கிறாள். நீலச் சால்வை எல்லாம் இல்லை, அதே பழுப்பு உடைதான். பக்கத்து மாடியில் கோட்டு இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் ஆட்டவில்லை. வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பண்டாரி துண்டை எடுத்து உயரப் பிடித்து ஆட்டினார். "போயிட்டு வரேன்" என்று கத்தினார். எதிர்க்காற்று அதை அவர் வாயிலேயே திருப்பிப் போட்டது. யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் வாய்விட்டுச் சொன்னார். அதை அவர் பத்தொன்பது நாளுக்கு முன் சமையலறை வாசலில் நின்று சொல்லியிருக்க வேண்டும்.

அவள் நெற்றியிலிருந்து கையை எடுத்து, ஒரு தடவை தலையை அசைத்தாள். அசைத்ததாகத்தான் தெரிந்தது. அதற்குள் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் கலங்கிவிட்டது. அதற்குக் கண்ணாடி பொறுப்பில்லை.

"பண்டாரி, எல்லாருக்கும் டீ" என்றார் கேப்டன்.

"வரேன்" என்றார். ஆனால் ஆஸ்பத்திரியும் ஒரு வெள்ளைப் புள்ளியாகும்வரை அங்கேயே நின்றார். பிறகு அடுப்படிக்குள் நுழைந்து தண்ணீரைக் கொதிக்கவைத்தார். மூடியைத் திறந்ததும் கண்ணாடியில் ஆவி அப்பிக்கொண்டது. அவர் அதைக் கழற்றவில்லை. ஒன்றும் தெரியாமல் தடவித் தடவி ஏழு டம்ளர்களைத் தேடி எடுத்தார்.